நெட்டாலுக்குப் போன பெரிய தாத்தாவை எங்கே தேடுவது?

கேள்வி: ஐயா, எனக்கு 62 வயது. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். குடியாத்தம் பக்கம் புதூர் எங்கள் பூர்வீகம். என் தாத்தாவுடன் பிறந்தவர்கள் இரண்டு பேர். அண்ணன் முனுசாமி தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்கு (நேட்டால்) கப்பலேறினார். தம்பி சின்னப்பன் 1920களில் ஒரு கங்காணியோடு பினாங்குக்குப் போனார். இவர்களுடைய அப்பா குப்பன் எழுதப் படிக்கத் தெரிந்தவர். அவருடைய கணக்கு நோட்டில் "மூத்தவன் கப்பலேறினது சோபகிருது வருஷம் மாசி" என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. முனுசாமி அனுப்பிய கவர் ஒன்றும் இருக்கிறது. உள்ளே கடிதம் இல்லை. முத்திரையில் டொங்காட் என்று படிக்க முடிகிறது. சின்னப்பன் கிள்ளானிலிருந்து ஒரு புகைப்படம் அனுப்பியிருக்கிறார். சண்டைக் காலத்துக்குப் பிறகு எதுவும் வரவில்லை. "போனவன் ஒரு ரூபாய்கூட அனுப்பவில்லை" என்று பெரிய தாத்தாவைப் பாட்டி திட்டிக்கொண்டே இருப்பாராம். "பெரியப்பா பிள்ளைங்க எங்கேயோ இருக்காங்க" என்று அப்பா சாகும்வரை சொன்னார். 88 வயது அத்தை ஒருவர் இருக்கிறார். "அவர் தனியாப் போகலை" என்று ஒரு நாள் சொன்னவர், அதற்கு மேல் பேசவில்லை. வம்சாவளிச் சான்றிதழ் எடுத்துத் தருவதாக ஒருவர் போனில் 25,000 ரூபாய் கேட்கிறார். மகன் டிஎன்ஏ சோதனை எடுக்கலாம் என்கிறான். நான் எங்கே தொடங்குவது?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில், அந்த 25,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். நீங்கள் தேடுவதில் முக்கியமான பாதி, காசில்லாமல் இணையத்திலேயே கிடைக்கிறது. மீதிப் பாதி உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் அத்தையிடமும் இருக்கிறது. அதை எந்தத் தரகராலும் எடுத்துத் தர முடியாது.

அண்ணன், தம்பி இரண்டு பேரையும் ஒரே மாதிரி தேட முடியாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அண்ணன் ஒப்பந்தக் கூலியாகப் போனவர். அவரைக் கப்பலில் ஏற்றிய அரசாங்கம் அவருக்கு ஒரு எண் போட்டு, பெயர், அப்பா பெயர், ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதி வைத்தது. தம்பி கங்காணியோடு போனவர். கங்காணி வந்தார், ஊரிலிருந்து பத்து இருபது பேரைக் கூட்டினார், ஆள் ஒன்றுக்குத் தலைக்காசு வாங்கிக்கொண்டு தோட்டத்தில் சேர்த்தார். எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கு அரசாங்கத்திடம் இருக்கிறது. யார் யார் போனார்கள் என்பது பெரும்பாலும் இல்லை. அதனால் எத்தனையோ வருஷம் முன்னால் போன முனுசாமியைக் கண்டுபிடிப்பதுதான் எளிது. பின்னால் போன சின்னப்பனைக் கண்டுபிடிப்பது கடினம். இந்தத் தேடலுக்கு வருகிற எல்லோருக்கும் இது ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

கொள்ளுத்தாத்தா எழுதிய அந்த ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பிள்ளை போன துக்கத்தில் அவர் அதற்கு மேல் எதுவும் எழுதவில்லை போலிருக்கிறது. ஆனால் வருஷத்தையும் மாதத்தையும் விடாமல் எழுதியிருக்கிறார். என்னிடம் வருகிற கடிதங்களில் பெரும்பாலும் "அந்தக் காலத்தில் போனார்" என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. உங்களுக்கு மாதமே கிடைத்திருக்கிறது.

சோபகிருது 60 வருஷத்துக்கு ஒரு முறை திரும்பி வரும். கடைசியாக 2023 ஏப்ரலில் பிறந்தது. அதற்கு முன் 1963, அதற்கும் முன் 1903. உங்கள் தாத்தாவின் வயதை வைத்துப் பார்த்தால் 1903இல் பிறந்த சோபகிருதுதான் பொருந்துகிறது. அந்த வருஷத்து மாசி என்றால் 1904 பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். "கப்பலேறினது" என்று எழுதியிருந்தாலும் அது வீட்டை விட்டுக் கிளம்பிய நாளாக இருக்கலாம். கிளம்பியவர்களைச் சென்னையில் டிப்போவில் வைத்திருந்து, டாக்டர் பார்த்து, கப்பல் நிறைந்த பிறகுதான் அனுப்புவார்கள். அதனால் 1904 மார்ச் முதல் ஜூலை வரை டர்பன் துறைமுகத்துக்குச் சென்னையிலிருந்து வந்த கப்பல்களைப் பார்த்தால் போதும்.

சென்னையிலிருந்து நெட்டாலுக்கு முதலில் போன கப்பல் ட்ரூரோ. 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை 384 கப்பல் பயணங்களில் 1,52,184 பேர் போனார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் சென்னை வழியாகப் போனவர்கள், மற்றவர்கள் கல்கத்தா வழியாக. இவர்களுடைய பட்டியல் அழியாமல் இருக்கிறது. மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதைக் கணினியில் ஏற்றி, குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் உம்லாசி, பொங்கோலா போன்ற கப்பல்கள் திரும்பத் திரும்பப் போய்வந்தன. கப்பல் பெயரோடு அது எத்தனையாவது பயணம் என்ற எண்ணும் பட்டியலில் இருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டியலைத் திறந்ததும் எல்லோரும் செய்கிற வேலை, பெயரை அடித்துத் தேடுவது. முனுசாமி என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வரும், அல்லது ஒன்றுமே வராது. ஏனென்றால் நாம் எழுதுவதுபோல அந்தக் குமாஸ்தா எழுதவில்லை. எதிரே நிற்பவர் வாயால் சொன்னதைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். முனுசாமியை மூன்சாமி, முனிசாமி, மோனசாமி என்று எப்படி வேண்டுமானாலும் எழுதியிருப்பார். குப்பன் என்ற பெயரைக் 'கே'யிலும் தொடங்கியிருக்கலாம், 'சி'யிலும் தொடங்கியிருக்கலாம். நடுவில் ஒரு 'யு' போட்டிருக்கலாம், இரண்டு 'ஓ' போட்டிருக்கலாம். கடைசியில் 'ஏஎன்' வரலாம், 'இஎன்' வரலாம். இதெல்லாம் போதாதென்று, வீட்டுக்குத் தெரியாமல் போகிறவர்கள் பெயரையே மாற்றிச் சொன்னதும் உண்டு.

அதனால் ஊரிலிருந்து தொடங்குங்கள். ஜில்லா வட ஆற்காடு, தாலுகா குடியாத்தம். இந்த இரண்டையும் வைத்து வடிகட்டினால், அந்த ஐந்து மாதக் கப்பல்களில் மிஞ்சுவது சில பக்கங்கள்தான். கண்ணாலேயே பார்த்துவிடலாம். இன்றைக்கு உங்கள் ஊர் வேலூர் மாவட்டம். அந்தப் பட்டியலில் வேலூர் மாவட்டம் என்று ஒன்று கிடையாது. 1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்த பிறகுதான் வேலூர் மாவட்டம் என்ற பெயரே வந்தது, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் அதிலிருந்து பிரிந்தது 2019இல். சித்தூர்கூட 1911 வரை வட ஆற்காட்டோடுதான் இருந்தது. இப்போதைய பெயரைத் தேடிவிட்டு "எங்கள் ஊரே இல்லை" என்று விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர்.

ஆனால் உங்கள் ஊர் புதூர்! வட ஆற்காட்டில் புதூர் இல்லாத தாலுகா எது? உங்களுக்கு இருக்கும் பெரிய சிக்கல் இதுதான், இதற்குத்தான் நீங்கள் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். முனுசாமி டிப்போவில் "எந்த ஊர்?" என்ற கேள்விக்கு என்ன சொல்லியிருப்பார் என்று யோசியுங்கள். புதூர் என்று சொல்லியிருக்கலாம். எந்தப் புதூர் என்று கேட்டிருந்தால் பக்கத்துப் பெரிய ஊரைச் சொல்லியிருப்பார். அல்லது வருவாய்க் கணக்கில் புதூர் எந்தக் கிராமத்தில் சேர்ந்ததோ அந்தத் தாய்க்கிராமத்தின் பெயரைச் சொல்லியிருப்பார். கிராம நிர்வாக அலுவலரிடம் போய், பழைய 'அ' பதிவேட்டில் உங்கள் வீட்டு நிலம் எந்த வருவாய்க் கிராமத்தின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள். சுற்றியுள்ள ஐந்தாறு ஊர்ப் பெயர்களையும், சந்தை கூடுகிற ஊரையும், தபாலாபீஸ் இருந்த ஊரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டியலைப் படியுங்கள். தாலுகா எல்லை ஊர் என்றால் வேலூர் தாலுகாவையும் சேர்த்துப் பாருங்கள்.

இதற்கு அந்தக் கவர் கைகொடுக்கும். கடிதம் இல்லையே என்று வருத்தப்படுகிறீர்கள். எனக்குக் கவர்தான் வேண்டும். அதில் உங்கள் ஊர் விலாசத்தை யார் எழுதினாரோ, முனுசாமியோ, தோட்டத்தில் எழுதத் தெரிந்த ஒருவரோ, அவர் முனுசாமி சொன்னபடி எழுதியிருப்பார். தன் ஊரை அவர் எப்படிச் சொன்னார் என்பது அந்த இரண்டு வரியில் இருக்கிறது. அதே ஊர்ப் பெயரைப் பட்டியலில் தேடுங்கள். தபால் தலையையும் பாருங்கள். தலையில் நேட்டால் என்றே அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் 1913க்கு முன்னால் வந்த கவர், அதாவது அவர் ஒப்பந்தத்தில் இருந்தபோதோ முடித்த புதிதிலோ எழுதியது. 1910 மே 31இல் நேட்டால் தென்னாப்பிரிக்க ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டது, ஆனால் ஒன்றியத்தின் சாதாரணத் தலைகள் 1913இல்தான் வந்தன. ஒன்றியத்தின் தலை ஒட்டியிருந்தால், அவர் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார் என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம். தலையைக் கவரிலிருந்து பிரிக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்க வேண்டாம். பருத்தித் துணியிலோ நல்ல வெள்ளைத் தாளிலோ சுற்றி வையுங்கள்.

பட்டியலில் அவர் கிடைத்தால் அந்த வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்: ஒரு எண், முனுசாமியின் ஏதோ ஒரு வடிவம், அப்பா குப்பனின் ஏதோ ஒரு வடிவம், ஆண், வயது 20 அல்லது 22, சாதி, வட ஆற்காடு, தாலுகா, ஊர், உயரம், 'இடது காலில் தழும்பு' என்பதுபோல ஒரு அடையாளம். வயதை நம்பாதீர்கள், மூன்று நான்கு வருஷம் முன்னே பின்னே இருக்கும். சாதியையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பா பெயரும் ஊரும் சேர்ந்து ஒத்துப்போனால் மட்டும் அவர்தான் என்று நம்புங்கள். ஒன்று மட்டும் ஒத்துப்போனால் போதாது. அந்தத் தழும்பைப் பற்றி அத்தையிடமும் கேளுங்கள். சின்ன வயதில் மாடு முட்டியது, மரத்திலிருந்து விழுந்தது என்று வீட்டில் வழிவழியாக ஒரு கதை இருக்கும். அந்தக் கதையும் அந்த வரியும் சேர்கிற இடத்தில் கை நடுங்கிப் போனவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அவர் வரியைக் கண்டதும் நிறுத்திவிடாதீர்கள். அதற்கு மேலே உள்ள வரியையும் கீழே உள்ள வரியையும் பாருங்கள். சேர்ந்து போனவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்தான் விழும். ஒரே புதூரிலிருந்து ஒரு பெண் அடுத்த எண்ணில் இருந்தால், "தனியாப் போகலை" என்று அத்தை சொன்னதற்குப் பொருள் தெரிந்துவிடும். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் விதி இருந்தது. அதனால் ஜோடியாக வருபவர்களை ஏஜெண்டுகள் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். ஊரில் சேர முடியாதவர்கள் பலர் கப்பலில் சேர்ந்து போனார்கள். கைம்பெண்கள் போனார்கள், வீட்டில் அடிபட்ட பெண்கள் போனார்கள், சாதி கடந்து விரும்பியவர்கள் போனார்கள். டிப்போவில் வந்த பிறகு ஜோடி சேர்ந்தவர்களும் உண்டு. உங்கள் அத்தை 70 வருஷமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்றால், யாரோ பெரியவர்கள் "பேசக்கூடாது" என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவரைக் குடைந்து கேட்காதீர்கள். அப்படி ஒரு பெண் இருந்தால், அவர் உங்கள் பெரிய பாட்டி. அவருக்கும் ஒரு அப்பா பெயரும் ஊரும் அந்தப் பட்டியலில் இருக்கும். அவர் வீட்டிலும் இத்தனை வருஷமாக அவரைப் பற்றிப் பேசாமல் இருந்திருக்கலாம்.

பணம் அனுப்பவில்லை என்ற பாட்டியின் கோபத்துக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். ஒப்பந்தக் கூலிக்கு முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடி ஐந்தாவது வருஷம் 14 ஷில்லிங். ஐந்து வருஷம் முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தத்தில் சேர வேண்டும். இரண்டும் வேண்டாம், சுதந்திரமாக இருக்கிறேன் என்றால் 1895இல் வந்த சட்டப்படி வருஷத்துக்கு 3 பவுன் (பிரிட்டிஷ் பவுண்டு) வரி கட்ட வேண்டும். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங், அதாவது கடைசி வருஷச் சம்பளத்தில் நான்கு மாதத்துக்கும் மேல். மனைவிக்குத் தனியாக 3 பவுன், 16 வயது தாண்டிய பையனுக்கும் 13 வயது தாண்டிய பெண்ணுக்கும் தனித்தனியாக 3 பவுன். 1913இல் காந்தி முன்னின்று நடத்திய பெரிய வேலைநிறுத்தத்துக்குக் காரணங்களில் ஒன்று இந்த வரிதான். 1914இல் அதை எடுத்தார்கள். முனுசாமியின் ஒப்பந்தம் 1909இல் முடிந்திருக்கும். அதிலிருந்து 1914 வரை ஐந்து வருஷம் அந்த வரி அவர் தலையில் விழுந்திருக்கலாம். பாட்டிக்கு இதை யாரும் சொல்லவில்லை.

டொங்காட் டர்பனுக்கு வடக்கே உள்ள கரும்புச் சீமை. அங்கே தங்கியிருந்தால் அவர் இறந்தபோது ஒரு பதிவு எழுதியிருப்பார்கள். நேட்டால் மரணப் பதிவுகளும், பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தின் சொத்துக் கோப்புகளும் ஃபேமிலிசர்ச் என்ற இலவசத் தளத்தில் இருக்கின்றன. கணக்கு ஒன்று தொடங்கினால் போதும், காசு கேட்காது. சொத்து வைத்து இறந்தவர் என்றால் இறப்பு அறிவிப்பில் பிறந்த ஊர், அப்பா அம்மா பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் இருக்கும். கப்பல் பட்டியலுக்கும் இன்று உயிரோடு இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நடுவில் பாலம் போடுவது இந்தத் தாள்தான்.

இங்கே மறுபடி பெயர்ச் சிக்கல் வரும், ஆனால் வேறு மாதிரி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அந்த நாட்டில் அது கட்டாயம். அதனால் போனவருடைய ஒற்றைப் பெயரோ அவர் அப்பாவின் பெயரோ அப்படியே பரம்பரைக்கும் நின்றுவிட்டது. உங்கள் பங்காளிகள் இன்று மூன்சாமி குடும்பமாக இருக்கலாம், கூப்பன் குடும்பமாக இருக்கலாம். பட்டப்பெயர் வைத்துக்கொண்ட குடும்பங்களில் கவுண்டர் கோவெண்டர் ஆனது, முதலியார் மூட்லி ஆனது, நாயக்கர் நைக்கர் ஆனது. ஒரு நல்ல துப்பு சொல்கிறேன். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். கடல் தாண்டியும் அதை விடவில்லை. முனுசாமிக்கு முதல் ஆண் பிள்ளை பிறந்தபோது குப்பன் என்று வைத்திருக்க வாய்ப்பு அதிகம். டொங்காட் பக்கம் 1905க்கும் 1915க்கும் இடையில் பிறந்த, அப்பா பெயர் முனுசாமி என்றுள்ள குப்பனைத் தேடுங்கள்.

டர்பனில் 1860 ஹெரிடேஜ் சென்டர் என்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. வேர் தேடி வருபவர்களுக்கு உதவுவார்கள். டொங்காட்டில் ஸ்ரீ வீரபோக எம்பெருமாள் கோவில் இருக்கிறது. பழைய குடும்பங்களைத் தெரிந்தவர்கள் கோவில் கமிட்டியில் இருப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதுங்கள், அங்கே பெரும்பாலோருக்குத் தமிழ் படிக்க வராது. கப்பல் பெயர், எண், முனுசாமி, குப்பன், ஊர், உங்கள் குலதெய்வம், இவ்வளவு போதும். குலதெய்வத்தின் பெயரை மறக்காமல் எழுதுங்கள். ஊர்ப் பெயரை மறந்த குடும்பங்கள்கூட, வருஷா வருஷம் படையல் போடுகிற சாமியின் பெயரை மறக்காமல் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சின்னப்பன் விஷயத்துக்கு வருகிறேன். "பினாங்குக்குப் போனார்" என்று ஊரில் சொன்னால் பினாங்குத் தீவு என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இலங்கை என்றால் கண்டி, பர்மா என்றால் ரங்கூன் என்பதுபோல, மலாயா முழுவதையுமே பினாங்கு என்று சொன்ன ஊர்கள் உண்டு. படம் கிள்ளானிலிருந்து வந்திருக்கிறது என்றால் அவர் சிலாங்கூரில் ஏதாவது ரப்பர் தோட்டத்தில் இருந்திருப்பார். படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை, தோட்டத்தின் பெயர், பென்சிலில் எழுதிய ஒரு எழுத்து, எதுவானாலும் துப்புதான். தோட்டத்தின் பெயர் தெரியாமல் மலேசியாவில் ஒரு அடி நகர முடியாது.

கங்காணி தன் ஊரிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும்தான் ஆள் பிடிப்பார். அதனால் சின்னப்பன் மட்டும் போயிருக்க மாட்டார். உங்கள் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் "எங்க வீட்லயும் ஒருத்தர் பினாங்கு போனார்" என்று சொல்கிற வீட்டைத் தேடுங்கள். திரும்பி வந்தவர் யாராவது இருந்தால் அந்த வீட்டில் தோட்டத்தின் பெயர் இருக்கும். பதிவேட்டில் இல்லாத தகவல் இப்படி அடுத்த தெருவில் கிடைத்ததை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

கடிதம் நின்ற காலம் எனக்குக் கவலை தருகிறது, உங்களிடம் மறைக்கக் கூடாது. 1942 தொடக்கத்தில் மலாயா முழுவதும் ஜப்பானியர் கைக்குப் போனது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. சின்னப்பனுக்கு அப்போது 40 வயதுக்கு மேல் இருக்கும். அவர் அங்கே போனார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை, போகவில்லை என்பதற்கும் இல்லை. சண்டையில் தபால் நின்று, விலாசம் தொலைந்து, அப்படியே தொடர்பு விட்டுப்போன குடும்பங்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. அதனால் முடிவு கட்டிவிடாமல் தேடுங்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் வைத்திருக்கிறது, 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் அதில் உண்டு. ஆனால் மலேசியத் தமிழ் நாளிதழ் ஒன்றுக்கு அந்தப் புகைப்படத்தோடு நான்கு வரி எழுதி அனுப்புவதைத்தான் நான் முதலில் செய்வேன். முகம் பார்த்து "இது எங்க தாத்தா" என்று சொல்ல ஒருவர் இருந்தால் போதும்.

டிஎன்ஏ சோதனையை மகன் எடுக்க வேண்டாம், நீங்கள் எடுங்கள். முனுசாமியின் பேரப்பிள்ளைகளும் நீங்களும் அண்ணன் தம்பியின் பேரப்பிள்ளைகள். அந்த உறவில் சராசரியாக 3 சதவீதம் ஒத்துப்போகும், கண்டுபிடிக்க அது போதும். மகனுக்கு வந்தால் அதில் பாதிதான் இருக்கும். அப்பா வழி ஆண் கோட்டை மட்டும் பார்க்கும் சோதனை ஒன்று தனியாக உண்டு. அதற்கு உங்கள் சகோதரரோ அவர் மகனோதான் எடுக்க வேண்டும், உங்கள் மகனுக்கு அது அவருடைய அப்பா வழியைத்தான் காட்டும். நம் வீடுகளில் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் தலைமுறை தலைமுறையாக நடந்திருப்பதால், சோதனை சொல்கிற நெருக்கம் உண்மையான உறவைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். தாள்களைத் தேடி முடித்த பிறகு, சந்தேகம் தீர்க்க மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் யாரும் சோதனை எடுக்காவிட்டால் உங்களுடையது யாரோடும் ஒத்துப்போகாது.

இன்னொரு பேச்சும் வரும், தயாராக இருங்கள். தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் டிரங்குப் பெட்டியில் இருந்தால், சொத்து அட்டவணைக்கு முன்னால் வருகிற பத்தியைப் படியுங்கள். "தேசாந்திரம் போய் வெகுகாலமாய்த் தகவல் இல்லாதபடியால்" என்பதுபோல ஒரு வாசகம் இருந்தால், போனவருடைய பெயரும் அந்தப் பத்திரத்தின் தேதியில் வீட்டாருக்குத் தெரிந்ததும் அதில் இருக்கும். தேடலுக்கு அது பொக்கிஷம். ஆனால் உங்கள் சகோதரர்கள் அதே பத்தியைப் படித்துவிட்டு, "எதுக்கு இப்போ அவங்களைத் தோண்டறே, பங்கு கேட்டு வரப்போறாங்க" என்பார்கள். அங்கே இருப்பவர்களும் உங்கள் முதல் கடிதத்தைப் பார்த்ததும் "இந்தியாவிலிருந்து பணம் கேட்கப்போகிறார்கள்" என்று நினைக்கக்கூடும். முதல் கடிதத்தில் நிலம், பணம், விசா எதையும் தொடாதீர்கள். கவரின் படத்தையும் கொள்ளுத்தாத்தாவின் நோட்டில் உள்ள அந்த வரியையும் மட்டும் அனுப்புங்கள். அவர்களும் பல வருஷமாக ஊர் தேடிக்கொண்டிருப்பவர்களாக இருக்கலாம். அவர்கள் கையில் ஒரு எண்ணும் தப்பும் தவறுமாக எழுதிய ஒரு ஊர்ப் பெயரும் இருக்கும். அந்த ஊர் இருக்கிறது, அந்த வீட்டில் இன்னும் ஆள் இருக்கிறார்கள் என்று சொல்ல உங்களைத் தவிர யாரும் இல்லை.

இதையெல்லாம் தொடங்கும் முன் இந்த ஞாயிற்றுக்கிழமையே அத்தையைப் போய்ப் பாருங்கள். கையில் நோட்டுப் புத்தகம் வேண்டாம், போனைத் தூக்கிக் காட்டவும் வேண்டாம். அந்தக் கவரைக் கொண்டுபோய் அவர் மடியில் வையுங்கள். பெரியப்பாவைப் பற்றிக் கேட்காமல் தாத்தா வீட்டைப் பற்றிக் கேளுங்கள். எந்தத் திண்ணை, எந்தக் கிணறு, பொங்கலுக்கு யார் யார் வருவார்கள், படையலில் யார் யார் பெயரைச் சொல்வார்கள் என்று கேளுங்கள். முனுசாமி பெயரைச் சொல்லிப் படைத்தார்களா, அவர் பக்கத்தில் இன்னொரு இலை போட்டார்களா என்று மட்டும் மெதுவாகக் கேளுங்கள். அவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வாருங்கள்.

பிறகு கவரின் இரண்டு பக்கத்தையும், கிள்ளான் படத்தின் பின்பக்கத்தையும் வெளிச்சத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். 1904 மார்ச் முதல் ஜூலை வரை வந்த கப்பல்களில் குடியாத்தம் தாலுகாக்காரர்களின் வரிகளை நானும் உங்களோடு சேர்ந்து பார்க்கிறேன்.